மஞ்சள் துணி

என் மகள் வயிற்றுப் பேரன் போன தை மாதம் கார் வாங்கினான். கறுப்பு நிறம். "கறுப்பு வேண்டாம் சாமி, வெயிலுக்கும் ஆகாது, புழுதிக்கும் ஆகாது" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கிற வயதா அது? வண்டி வந்த மறுநாளிலிருந்து தினமும் காலை ஆறரை மணிக்கு ஒரு மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான். டாக்சி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் வைத்திருப்பார்களே, ஓரம் அடித்த மஞ்சள் துணி, அதுதான். பானெட்டில் ஆரம்பித்து டிக்கி வரைக்கும் துடைப்பான். தள்ளி நின்று ஒரு பார்வை பார்ப்பான். மறுபடி ஒரு துடைப்பு. நான் திண்ணையில் காபித் தம்ளரோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் முகத்தில் அத்தனை பிரியம். எனக்கோ பல் கூசும்.

கோயம்புத்தூரில் 44 வருடம் கார்களுக்குப் பெயிண்ட் அடித்தவன் நான். 1968-இல், 16 வயதில், ஒரு பட்டறையில் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள் தேய்க்கச் சேர்ந்தேன். 2012-இல் மூச்சு இரைக்க ஆரம்பித்ததும் துப்பாக்கியைக் கீழே வைத்தேன். பெயிண்டர் பாஷையில் துப்பாக்கி என்றால் ஸ்பிரே கன், பயப்பட வேண்டாம்.

முதல் வாரம் பேரனிடம் ஒன்றும் சொல்லவில்லை. புது வண்டி, நாலு நாள் கொஞ்சட்டும் என்று விட்டேன். இரண்டாம் வாரம் பொறுக்க முடியவில்லை.

"ஏஞ்சாமி, அந்தத் துணியில என்ன இருக்குதுன்னு தெரியுமா?"

"தூசிதானுங்க அப்புச்சி."

"தூசின்னா?"

அவனுக்குப் பதில் வரவில்லை. தூசி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எங்கள் கணபதி வட்டாரத்துத் தூசியில் மணல் பொடி இருக்கும், வார்ப்படப் பட்டறைகளிலிருந்து பறந்து வருகிற இரும்புத் துகள் இருக்கும், லாரி டயர் தேய்ந்த ரப்பரும் பிரேக் தேய்ந்த தூளும் இருக்கும். மணல் துகள் பெயிண்டைவிட எவ்வளவோ கடினமானது. கூரைமேல் படிந்து சும்மா கிடக்கிற வரைக்கும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. உலர்ந்த துணியை வைத்து அழுத்தி இழுக்கிறோம் பாருங்கள், அந்த நொடியில் துணி வாட்டர் பேப்பர் ஆகிவிடுகிறது. தண்ணீர்கூட இல்லாத வாட்டர் பேப்பர்.

அவன் நம்பவில்லை. சமையலறைக்குப் போய், நாங்கள் முப்பது வருடமாகச் சாப்பிடுகிற எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்துவந்து, விளக்குக்கு நேரே பிடித்தேன். பல்பின் பிம்பத்தைச் சுற்றி வட்டவட்டமாகக் கோடுகள், சிலந்தி வலை மாதிரி. தட்டை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். உண்மையில் அந்தக் கீறல்கள் வட்டமானவை அல்ல. எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடப்பவைதான். விளக்குக்குக் குறுக்காக விழுந்த கீறல்கள் மட்டும் வெளிச்சத்தைத் தெறித்துக் காட்டுவதால் நம் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. அன்று இரவு பெட்ரோல் பங்க் விளக்கடியில் தன் வண்டியைப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டான். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, பானெட் முழுக்க எவர்சில்வர் தட்டு.

கெட்ட எண்ணத்தோடு யாரும் தன் வண்டியைக் கீறுவதில்லை. நான் பார்த்த கார்களில் முக்கால்வாசிக் கீறல் பிரியத்தில் விழுந்தவை. எனக்கும் இதில் பங்கு உண்டு. அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் தொழில் பழகிய காலத்தில் ஊரில் ஓடியவை பெரும்பாலும் அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அடிக்கிற பெயிண்ட் என்.சி., அதாவது நைட்ரோ செல்லுலோஸ். பட்டறையில் டூகோ என்போம். 1920-களில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி வைத்த வியாபாரப் பெயர் அது. அதற்கு முந்திய வார்னிஷ் வகைகள் காய நாள்கணக்கில் ஆகும். இது மணிக்கணக்கில் காய்ந்ததால் உலகம் முழுக்கப் பரவி, 'டூகோ அடிக்கறது' என்று எங்கள் பட்டறை வரைக்கும் வந்துவிட்டது. அந்த நைட்ரோ செல்லுலோஸைப் பஞ்சிலிருந்தும் எடுப்பார்கள் என்று ரொம்பப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மில் ஊரில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாமல் இத்தனை வருடம் அடித்திருக்கிறேன்.

டூகோவின் குணம் என்னவென்றால், துப்பாக்கியிலிருந்து வரும்போது அது மினுங்காது. மொழுக்கென்று மங்கலாக உட்காரும். பத்துக் கோட்டு அடிக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பர் போட வேண்டும். பிறகு காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசையைக் காட்டன் வேஸ்டில் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தால், தோள்பட்டை கழன்று விழுகிற நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு பளபளப்பு எழுந்து வரும். எங்கள் மேஸ்திரி பானெட்மேல் குனிந்து தன் முகத்தைப் பார்ப்பார். "மீசை தெரியுது. மசுரு எண்ண முடியலயே? பத்தல, தேய்" என்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் அதே வார்த்தை. பத்தல. தீபாவளிக்கு முந்தின ராத்திரியும் பத்தல. கூடுதலாகத் தேய்ந்துவிட்டால் கவலை இல்லை, இன்னொரு கோட்டு அடித்தால் பழைய பெயிண்டோடு கரைந்து ஒட்டிக்கொள்ளும். தேய்க்கிறவன் உழைப்பாளி, நிறுத்துகிறவன் சோம்பேறி. என் புத்தியில் இருபது வயதுக்குள் இது ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது. பிள்ளைகளை வளர்த்ததிலும் இந்த 'பத்தல'தான் என் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் என்று என் மனைவி சொல்வாள். 92 மார்க் வாங்கி வந்த மகளிடமும் அதைச் சொன்னேனாம்.

தொண்ணூறுகளில் பெயிண்ட் மாறியது. தின்னர் பறந்து காய்கிற சரக்கு போய், ஹார்ட்னர் கலந்து இறுகுகிற சரக்கு வந்தது. அடியில் வண்ணம் ஒரு மெல்லிய படலம், அதற்கு மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். கண்ணாடிச் சட்டம் போட்ட சாமி படம் மாதிரி. பளபளப்பு அந்தக் கிளியரிலேயே இருக்கிறது. துப்பாக்கியை விட்டு வரும்போதே மினுங்கிக்கொண்டுதான் வரும். வெயிலிலிருந்து வண்ணத்தைக் காப்பதும் அதுதான். அதன் கனம் எவ்வளவு தெரியுமா? 40, 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் இருக்கும். அதைவிட மெல்லிசு. அடியில் துருப்பிடிக்காமல் இருக்கப் போடும் பூச்சு, பிரைமர், வண்ணம், கிளியர் எல்லாம் சேர்த்தே கம்பெனி பெயிண்ட் 100 முதல் 140 மைக்ரானுக்குள் முடிந்துவிடும்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. 1997-இல் ஒரு மில் மேனேஜர் தன் பச்சை மெட்டாலிக் காரை என்னிடம் கொண்டுவந்தார். நல்ல மனிதர். மகள் கல்யாணத்துக்கு ஒரு தரம், தீபாவளிக்கு ஒரு தரம், மறு வருடம் ஒரு தரம் என்று பஃப் மெஷினில் கம்பளித் தொப்பி மாட்டி, கனமான காம்பவுண்ட் போட்டு ஏற்றுஏற்றென்று ஏற்றினேன். ஒவ்வொரு தடவையும் வண்டி குளத்துத் தண்ணீர் மாதிரி வெளியே போனது. மூன்றாவது கோடையில் திரும்பி வந்தபோது பானெட் மடிப்பு ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. வெயிலில் முதுகு தோல் உரியுமே, அப்படி. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் தேய்ப்பது. தேய்த்தேன். திட்டு பெரிதானது. "கம்பெனி பெயிண்ட் சரியில்லைங்க" என்று அவரிடம் வாய் கூசாமல் சொன்னேன்.

அவர் நம்பினார். பானெட்டை என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். ஆனால் நம்பவைத்ததை மட்டும் திருப்பிக் கொடுக்கவே இல்லை. கிளியரை மூன்று தவணையில் நான்தான் கழற்றி எடுத்தேன் என்று புரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது. சொல்லப் போனபோது அவர் வேலை மாறி ஊரை விட்டே போயிருந்தார்.

பாலிஷ் என்றால் எதையோ பூசி மெருகு ஏற்றுவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். வேக்ஸ் பூசுவது உண்மை. பாலிஷ் பூசுவது அல்ல, எடுப்பது. கீறல் ஒரு பள்ளம். பாலிஷில் இருக்கிற நுண்ணிய பொடி, பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டைச் சீவி, பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. வயலில் பரம்பு ஓட்டினால் மேட்டு மண் பள்ளத்துக்குப் போகும், மண் வயலிலேயே இருக்கும். இங்கே மேட்டு மண் துணியோடு வெளியே போய்விடும். லேசான பாலிஷ் என்றால் ஒன்றிரண்டு மைக்ரான். வாட்டர் பேப்பர் போட்டுக் கனமான காம்பவுண்ட் அடித்தால் அதைப் போலப் பல மடங்கு. எடுக்க மட்டும் முடிகிற, ஒரு பைசா போட முடியாத பாஸ்புக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய ஒற்றைப் படலப் பெயிண்டில் தேய்த்தால் துணியில் வண்ணம் ஏறும், அது சகஜம். இன்றைய வண்டியைத் தேய்க்கும்போது துணியில் வண்ணம் வந்தால் கையை எடுத்துவிட வேண்டும். கிளியர் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

சித்திரை மாதம் பேரனையும் வண்டியையும் சரவணம்பட்டிக்கு அழைத்துப் போனேன். என்னிடம் தொழில் பழகியவன் ஒருவன் அங்கே கடை வைத்திருக்கிறான். பட்டறை என்று சொன்னால் இப்போது யாரும் வரமாட்டார்கள், டீட்டெயிலிங் ஸ்டுடியோவாம். உள்ளே ஏ.சி., தரையில் டைல்ஸ், கூரை முழுக்க வரிசை விளக்கு. 'பத்தல, பத்தல' என்று நான் ஓட்டி ஓட்டி வேலை வாங்கிய பையன். ஒரு நாள் கோபத்தில் காம்பவுண்ட் டப்பாவை அவன் காலடியில் வீசியிருக்கிறேன். அதற்கப்புறம் துபாய்க்குப் போய் நாலைந்து வருடம் இருந்து வந்தான். "வாங்கண்ணா" என்று நாற்காலி இழுத்துப் போட்டான். டப்பா கதையை அவன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பேனா ஸ்டாண்டு அளவில் ஒரு கருவியை எடுத்து பானெட்மேல் வைத்தான். 118 என்று காட்டியது. கூரையில் 115. இடது கதவில் 109. மைக்ரான் கணக்கு. எங்கள் காலத்தில் காந்தத்தைத் துணியில் சுற்றி ஒட்டிப் பார்ப்போம். விரல் முட்டியால் தட்டி, கணீரென்றால் தகரம், தொப்பென்றால் பள்ளத்தை நிரப்பிய பட்டி என்று கண்டுபிடிப்போம். இந்த மீட்டர் பட்டி போட்ட இடத்தில் நூற்றுக்கணக்கில் ஏறிவிடும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதற்காகவே கொண்டுபோகிறார்களாம். பிளாஸ்டிக் பம்பரில் மட்டும் வேலை செய்யாது.

"பானெட்டுக்கு மட்டும் லேசா ஒரு பாலிஷ் போதுமுங்கண்ணா. மத்ததுல கை வைக்க வேண்டாம்" என்றான். இடது கதவில், உழவர் சந்தைக்கு வெளியே யாரோ மொபெட்டை உரசி விட்டுப்போன ஒரு கோடு இருந்தது. பேரனுக்கு அதுதான் உறுத்தல். கடைக்காரன் நகத்தைக் குறுக்காக ஓட்டிப் பார்த்தான். நகம் சிக்கியது. "நகம் சிக்குனா ஆழம். அதை எடுக்கணும்னா சுத்தி இருக்கற கிளியர் பூராம் போயிரும். இருந்துட்டுப் போகட்டும் தம்பி." நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வார்த்தையை நான் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

அவனையே செய்யச் சொல்லிக் காசு கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். பேரன் தன் கையால்தான் செய்வேன் என்றான். சரி, மெஷினை இரவல் வாங்கிக்கொண்டு வந்தோம். ஆனால் மெஷினை எடுப்பதற்கு முன்னால், ஒரு மாதம் அவனுக்குக் கார் கழுவக் கற்றுக்கொடுத்தேன். சிரிக்காதீர்கள். ஒழுங்காகக் கழுவத் தெரிந்தவனுக்கு பாலிஷ் எப்போதாவதுதான் தேவைப்படும்.

இரண்டு பக்கெட். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர். முதலில் துணி எதுவும் படாமல் ஹோஸில் தண்ணீர் அடித்து, தானாகப் போகிற மண்ணைப் போகவிட வேண்டும். சக்கரத்தை முதலில் முடித்துவிடலாம், அதற்கு வேறு துணி, வேறு தண்ணீர். சக்கரம் தொட்ட துணி உடம்பைத் தொடக் கூடாது. பிறகு மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் நனைத்துக் கூரையிலிருந்து கீழே வர வேண்டும். அழுத்தாமல், நேர்கோட்டில். ஒரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசி மண்ணை உதறிவிட்டு அப்புறம்தான் மறுபடி ஷாம்பு. கதவுகளின் அடிப்பாகம் கடைசி. மண் முழுக்க அங்கேதான் இருக்கும். முதல் நாள் முடிந்ததும் அந்த வெறும் தண்ணீர் பக்கெட்டைச் சாய்த்து அடியைக் காட்டினேன். ஒரு கைப்பிடி மணல். "இத்தனையும் ஒரே பக்கெட்டுன்னா எங்க போயிருக்கும்?" என்றேன். அத்தனை நாளும் மஞ்சள் துணி என்ன செய்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் அவனுக்கு முழுதாக உறைத்தது.

பாத்திரம் விளக்குகிற லிக்விடை வேண்டாம் என்றேன், அது மேலே இருக்கிற வேக்ஸையும் சேர்த்து விளக்கிவிடும். துணி சோப்புத் தூளைப் பற்றிப் பேசவே வேண்டாம். வெயிலிலும் கழுவக் கூடாது. புறங்கையை பானெட்டில் வைத்தால் சூடு தெரியக் கூடாது; தெரிந்தால் காத்திருக்க வேண்டும். சூட்டில் ஷாம்பு அப்படியே காய்ந்து திட்டாகிவிடும்.

தண்ணீர் பெரிய பிரச்சினை. சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றி இந்த ஊர்க்காரனிடம் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான், ஆனால் அது குடிக்க வருவது. கார் கழுவ போர் தண்ணீர்தான். எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. அத்தனை கால்சியம். துளி காய்ந்தால் தண்ணீர் போய்விடும், சுண்ணாம்பு வளையம் தங்கிவிடும். புதிதாக விழுந்த வளையத்துக்கு வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து ஒற்றி உடனே கழுவிவிடலாம். பல நாள் வெயிலில் வெந்த வளையம் பெயிண்டையே அரித்திருக்கும். இதற்கு என் மனைவி சொன்ன யோசனைதான் கடைசியில் பலித்தது. ஏ.சி. பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரை அவள் செடிக்குப் பிடித்துவைப்பாள். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுகிற தண்ணீர், அதில் உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. கடைசி அலசலுக்கு அதில் ஒரு பக்கெட். மழை பெய்கிற மாதத்தில் மழைத் தண்ணீர். செடிக்குப் பங்கு குறைந்துவிட்டது என்று இப்போது முணுமுணுக்கிறாள்.

துடைப்பதும் தேய்ப்பது அல்ல. பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு, அது தண்ணீரைக் குடித்ததும் தூக்கிவிட வேண்டும். குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி ஒற்றி எடுக்கலாம். பட்டறைகளில் திருப்பூரிலிருந்து கிலோக் கணக்கில் பனியன் வேஸ்ட் வரும்; மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் அதில் தையல் முடிச்சு கிடக்கும், சமயத்தில் ஒரு பட்டன் கிடக்கும். கிரீஸ் துடைக்க அது போதும், கிளியர் கோட்டுக்கு ஆகாது. மைக்ரோஃபைபரைத் தனியாகத் துவைக்க வேண்டும், துணிக்கு வாசனை ஊட்டும் கண்டிஷனர் போட்டால் அதன் இழை அடைத்துக்கொள்ளும். தரையில் விழுந்த துணி எதுவானாலும் அன்றைக்கு அதற்கு விடுமுறை.

கழுவி முடித்த வண்டியும் சுத்தம் என்று சொல்ல முடியாது. ஒரு மெல்லிய பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவச் சொன்னேன். வெறுங்கைக்கு வழவழவென்று இருந்த இடம், பைக்குள்ளிருந்து தடவினால் ரவை கொட்டினாற்போல் நறநறத்தது. பெயிண்டில் குத்தி நிற்கிற இரும்புத் துகள்கள் அவை. எங்கள் பக்கம் வார்ப்படப் பட்டறை உபயம், மற்ற ஊர்களில் பிரேக் தூளும் ரயிலடியும். வெள்ளை வண்டியில் இவை நாளடைவில் துருப்பிடித்து ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரியும். கறுப்பில் தெரியாது, அதனால் இல்லை என்று ஆகிவிடாது. இதற்கென்று ஒரு திரவம் இருக்கிறது, தெளித்தால் இரும்பைத் தொட்டதும் கத்தரிப்பூ நிறமாக மாறி வழியும். பேரன் அதைப் போன் வைத்து வீடியோ எடுத்தான். மிச்சத்துக்குக் களிமண் போன்ற ஒரு கட்டி, கிளே பார் என்கிறார்கள். சோப்புத் தண்ணீர் தாராளமாக விட்டு வழுக்க வழுக்க ஓட்டினால் துகள்களைப் பிடுங்கிக்கொள்ளும். அழுக்கான பக்கத்தை மடித்து உள்ளே தள்ளிப் புதுப் பக்கத்தைக் காட்ட வேண்டும். கை தவறித் தரையில் விழுந்தால் காசைப் பார்க்காமல் தூக்கிப் போட வேண்டும். அவனுக்கு ஒரு தரம் விழுந்தது. குனிந்து எடுத்தவன் என்னைப் பார்த்தான். நான் குப்பைத் தொட்டியைப் பார்த்தேன்.

பாலிஷுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரவல் மெஷின் டி.ஏ. வகை. சுழன்றுகொண்டே ஆடவும் ஆடும், அதனால் ஒரே இடத்தில் சூடு ஏறாது. நான் பச்சைக் காரில் ஓட்டியது ஒரே அச்சில் சுழலும் பழைய ரகம். கை பழகியவனுக்கே அது சத்துரு, புதிதாகத் தொடுகிறவன் கிட்டேயே போகக் கூடாது. ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் மெலிந்து உட்கார்ந்திருக்கும், அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டினோம். பானெட்டின் ஒரு மூலையில் இரண்டுக்கு இரண்டு அடி மட்டும் முதலில் சோதனை. இருப்பதிலேயே மென்மையான பஞ்சு, இருப்பதிலேயே நைசான பாலிஷ். அது போதாவிட்டால்தான் அடுத்த ரகம்; எடுத்த எடுப்பில் கனமானதைத் தொடக் கூடாது. பஞ்சில் பட்டாணி அளவு நாலு பொட்டு, மெஷினை மெதுவாக நெட்டுக்கு ஒரு முறை, குறுக்குக்கு ஒரு முறை. துடைத்துவிட்டு ஆல்கஹால் கலந்த தண்ணீரால் இன்னொரு தரம் ஒற்றி எடுக்கச் சொன்னேன். சில பாலிஷ்களில் எண்ணெய் கலந்திருக்கும், அது கீறலுக்குள் உட்கார்ந்து மறைத்து நம்மை ஏமாற்றும். இரண்டு கழுவலில் கீறல் திரும்ப எட்டிப் பார்க்கும். ஆல்கஹால் போட்டால் உண்மை அங்கேயே தெரிந்துவிடும்.

டார்ச் அடித்துப் பார்த்தோம். வலை முக்கால்வாசி போயிருந்தது. உற்றுப் பார்த்தால் அங்கங்கே ஒன்றிரண்டு மயிரிழை.

"அப்புச்சி, இன்னும் ஒரு தடவ போட்டா சுத்தமாப் போயிருமுங்களே?"

போகும். எனக்கு அது நன்றாகத் தெரியும். என் தோள் தானாக ஒரு அங்குலம் முன்னால் நகர்ந்ததையும் கவனித்தேன். 57 வருடத்துக்கு முந்திய பட்டறையின் சோப்புத் தண்ணீர் வாசனை அடித்தது. "போதும் சாமி" என்றேன். அவன் முகம் சுருங்கிப்போனது. உள்ளேயிருந்து என் மகள் எட்டிப் பார்த்தாள். நான் அந்தச் சொல்லைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன்.

பாலிஷ் போட்ட பெயிண்ட் குளித்துவிட்டு வந்த உடம்பு மாதிரி. மேலே ஏதாவது போட வேண்டும். கடையில் பெயர்கள் ஏராளம். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். வேக்ஸில் பேர்போனது கார்னோபா. பிரேசிலின் வடகிழக்கில் வறண்ட காட்டில் வளர்கிற விசிறி ஓலை மரம், நம் பனைக்கு உறவுமுறை. வெயிலில் ஈரம் போகாமல் இருக்க அது தன் ஓலைமேல் மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டிக் காயப்போட்டு அடித்து அந்த மெழுகை உதிர்க்கிறார்கள். வறட்சியைத் தாங்க ஒரு மரம் கண்டுபிடித்த வழியை எடுத்து நாம் காருக்குப் பூசுகிறோம். நம் ஊர் வெயிலில் ஒன்றரை, இரண்டு மாதம் நிற்கும். செயற்கை சீலண்ட் நாலைந்து மாதம். செராமிக் கோட்டிங் சிலிக்கா சேர்ந்தது, ஒழுங்காகப் போட்டால் வருடக்கணக்கில் நிற்கும், அழுக்கு அவ்வளவாக ஒட்டாது, கழுவ எளிது. ஆனால் அதை விற்கிறவர்கள் 9எச் என்று சொல்வதைக் கேட்டு வைரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற கடினம் என்று நினைத்துவிடாதீர்கள். அது பென்சிலால் கீறிப் பார்க்கிற சோதனையின் அளவு. கல் தெறித்தால் செராமிக்கும் தடுக்காது. அதைத் தடுப்பது பி.பி.எஃப். என்கிற ஒட்டுப் படலம்; 150, 200 மைக்ரான் கனத்தில் பெயிண்டைவிடத் தடிமனானது, சின்னக் கீறலை வெயில் பட்டதும் தானே ஆற்றிக்கொள்ளும். விலையைக் கேட்டால் நமக்குத்தான் ஆறாது.

செராமிக்குக்கு அடியில் இருக்கிற கீறல் செராமிக்கோடு சேர்ந்து பூட்டப்பட்டுவிடும். அதனால் கோட்டிங் போடுவதாக இருந்தால் அதற்கு முன்னால் பெயிண்டைச் சரிசெய்கிறார்களா என்று கேளுங்கள். மீட்டர் வைத்துப் பார்க்காமல் மெஷினை எடுக்கிற கடையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். பேரனுக்கு நான் சொன்னது வேக்ஸ். சிக்கனம் ஒரு காரணம். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் நிழலில் உட்கார்ந்து மெல்லிசாகப் பூசி, அது பனி மூட்டம் மாதிரி வெளுத்ததும் ஒற்றித் துடைத்தால் வண்டியின் ஒவ்வொரு அங்குலமும் கண்ணில் படும் என்பது இன்னொரு காரணம். கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகளில் பட்டால் வெள்ளையாகத் திட்டு விழும், அங்கே மட்டும் கவனம்.

நிழல் என்றதும் எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் நினைவுக்கு வருகிறது. அதன் அடியில் நிறுத்தினால் பிசினும் உண்டு, காக்கை எச்சமும் உண்டு. எச்சத்தில் அமிலம்; வெயிலில் இளகிய பெயிண்ட்மேல் அது காய்ந்து இறுகினால் அச்சு விழுந்துவிடும். நகத்தால் சுரண்டாமல் ஈரத்துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்து ஊறியதும் தூக்கி எடுக்க வேண்டும். இதற்காகவே பேரன் இப்போது டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் சுத்தமான துணியும் வைத்திருக்கிறான். கல்யாணத்துக்கு வண்டி கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் 'பூ கட்டுங்க, செல்லோ டேப் ஒட்டாதீங்க' என்று கறாராகச் சொல்கிறான். மாமன் வீட்டில் இதற்காக ஒரு மனத்தாங்கல்கூட உண்டு.

ஆயுத பூஜை வந்தது. மாலை வெயில் இறங்கியதும் என் மனைவி சந்தனக் கிண்ணம், விபூதி, குங்குமத்தோடு வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். பேரன் என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் விபூதி வெறும் பொடியாகத் தெரிந்தது எனக்குப் புரிந்தது. "அம்மாயி, கண்ணாடியில வெச்சுக்கலாமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டான். "நெத்தி இருக்க, கண்ணுலயா பொட்டு வைப்பாங்க?" என்று அவள் பானெட்டில் மூன்று விரலால் பட்டை இழுத்தாள். நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். நான் வாயைத் திறக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை நாலு சக்கரத்துக்கும் அடியில் வைத்து வண்டியை ஒரு அடி நகர்த்தினோம்.

மறுநாள் காலை ஆறரைக்கு வாசலில் சத்தம் கேட்டுப் போனேன். துணி எதையும் எடுக்காமல், ஏ.சி. தண்ணீர் பக்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொம்பு சொம்பாக மோந்து பானெட்டின் உச்சியில் ஊற்றிக்கொண்டிருந்தான். சந்தனம் கரைந்து, விபூதி கரைந்து, குங்குமம் சிவப்பாக ஒரு இழை ஓடி நம்பர் பிளேட் வழியாக இறங்கியது. ஊற்றுவான், நிற்பான், பார்ப்பான், மறுபடி ஊற்றுவான். இடது கதவில் அந்த மொபெட் கோடு அப்படியே இருக்கிறது.

மஞ்சள் துணியை என் மனைவி எடுத்துக்கொண்டாள். கிரைண்டரை மூடி வைத்திருக்கிறாள்.